இரவல் டோர்க் ரெஞ்சும் பத்தாம் நம்பர் போல்டும்

வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சினையோ தோட்டத்து இறைப்பு மெசினையோ கழற்றிப் பூட்டுவோருக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. கழற்றும்போது பெரிதாகப் பிழை வராது. பூட்டும்போதுதான் அலுமினியப் புரி உரியும். அதுவும் பெரிய நட்டில் அல்ல, பத்தாம் நம்பர் ஸ்பானர் போகிற 6 மில்லிமீட்டர் போல்டில். அலுமினியத்தில் அதற்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் (திருப்பி இறுக்கும் விசையின் அலகு) போதும். 15 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியை ஏழு கிலோ விசையில் இழுத்தாலே அந்த அளவு வந்துவிடும்.

இந்த வேலைக்குத்தான் பலர் பக்கத்துக் கராஜில் அரை அங்குலச் சதுரத் தலை கொண்ட டோர்க் ரெஞ்சை, அதாவது வைத்த அளவுக்கு இறுகியதும் சொடுக்கிக் காட்டும் ரெஞ்சை, இரவல் கேட்கிறார்கள். அது கார்ச் சில்லு நட்டுக்கான ஆயுதம். 40 முதல் 210 வரை அளக்கும். எந்த ரெஞ்சிலும் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பிக்கை வைக்கக் கூடாது. 12க்கு இறுக்க இதை எடுத்தால், சொடுக்குச் சத்தம் கேட்குமுன் போல்டின் தலை கையோடு வந்துவிடும். ஆகவே காசு கொடுத்து வாங்குவதானால் 5 முதல் 25 வரை அளக்கும் கால் அங்குல ரெஞ்சை வாங்குங்கள். பெரியதை இரவல் வாங்கலாம். வருடத்தில் இரண்டு தரம்தான் தேவைப்படும்.

இரவல் வாங்கியதை அப்படியே நம்ப வேண்டாம். சதுரத் தலையை வைசில் பிடித்து, ரெஞ்சைக் கிடையாக நிறுத்துங்கள். தலையின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டரில், கைபிடியின் மேல், தராசில் நிறுத்த 20 கிலோவை மெதுவாகத் தொங்கவிடுங்கள். அது 78 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்தப் பாரம் இன்னும் இரண்டு மூன்று கூட்டும். 74இல் வைத்தால் சொடுக்க வேண்டும், 88இல் சொடுக்கக் கூடாது. மாறி நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முள் காட்டும் பழைய வகை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அதில் தளர்ந்துபோக ஸ்பிரிங் இல்லை. முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் மெல்ல வளைத்து நேராக்கலாம்.

கையேட்டின் அலகு இன்னொரு கண்ணி. பழைய ஜப்பான் கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் இருக்கும், அதை 9.8ஆல் பெருக்குங்கள். இங்கே இன்னும் ஓடுகிற ஒஸ்டின், மொறிஸ் கார்களின் கையேடுகளில் இறாத்தல் அடி, 1.36ஆல் பெருக்க வேண்டும். மொறிஸ் மைனர் எஞ்சினின் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) நட்டின் 40 இறாத்தல் அடி, 54 நியூட்டன் மீட்டர். 40 என்று மட்டும் பார்த்து நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் ஹெட்டின் கீழுள்ள கஸ்கற் கசியும்.

இறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போகிறது. கடற்காற்றில் துருப்பிடித்த புரியில் ரெஞ்ச் சொடுக்கும், ஆனால் போல்ட் பிடித்திருக்காது. கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். கையேடு சொல்லாத இடத்தில் ஒயில் பூசினால் எதிர்ப்பக்கப் பிழை: அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டு நீளும். அடி மூடிய துளைக்குள் ஒயில் தேங்கினால் வார்ப்பே வெடிக்கலாம்.

ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக, பாதி அளவில் ஒரு சுற்று, முக்கால் அளவில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று இறுக்குங்கள். ஒரு சொடுக்கோடு நிறுத்த வேண்டும்; நிச்சயப்படுத்த என்று இரண்டாம் தரம் இழுப்பதே மேலதிக இறுக்கம். கைபிடியில் குழாய் செருகாதீர்கள். இறுகிய நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சை எடுப்பதும் கூடாது. அதற்கு ஒரு பழைய சொக்கற் பிடியே போதும்.

வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியோடு திருப்பிக் கொடுங்கள். கோட்டுக்கும் கீழே தளர்த்தினால் உள்ளே ஸ்பிரிங் இடம் மாறிவிடும்.