பகா எண்: 2147483647-ஐ வைத்து ஒரு சொல் விளக்கம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பகா எண்', இலங்கைப் பாடநூல்களில் 'முதன்மை எண்'. பொருள் ஒன்றே: 1-ஐவிடப் பெரியது, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. சொற்கள் வந்த வழிதான் வேறு.

ஆங்கிலப் 'பிரைம்' லத்தீன் 'ப்ரீமுஸ்' என்பதிலிருந்து வந்தது. 'முதலாவது' என்று பொருள். யூக்ளிட் கிரேக்கத்தில் வைத்த 'புரோட்டோஸ்' என்ற பெயருக்கும் அதே பொருள்தான். மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கிப் பிறப்பதால் இவை முதல். 'முதன்மை எண்' அந்தக் கருத்தை அப்படியே தமிழில் தருகிறது.

'பகா' நம் இலக்கண வழி வந்தது. பிரிக்க முடிந்த சொல்லைப் பகுபதம் என்றும் முடியாததைப் பகாப்பதம் என்றும் நன்னூல் வகுக்கிறது. 'பகாத' என்பதன் ஈறு கெட்டு 'பகா' நிற்கிறது. 'பகாத்தனி' என்று எழுதுவோரும் உண்டு. எதிர்ச்சொல்லான 'பகு எண்' தானே கிடைத்துவிடுகிறது என்பதாலும் என் வாக்கு 'பகா'வுக்கே. ஒரு பெரிய எண்ணைச் சோதிப்பவர் முதலில் செய்து பார்ப்பதும் அதைப் பகுக்கத்தானே!

2147483647 என்பது 2³¹ − 1. இரண்டை இரண்டாலேயே பலமுறை பெருக்கி வரும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் மெர்சென் எண். 1644-இல் இவற்றைப் பட்டியலிட்ட பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் பெயரால் வந்தது. அது பகாமலும் இருந்தால்தான் 'மெர்சென் பகா எண்'. அதற்கு அடுக்கு (2³¹-இல் 31) பகா எண்ணாக இருப்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

2³¹ − 1 பகாது என்று 1772-இல் நிறுவியவர் சுவிஸ் கணிதமேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. வர்க்கமூலமான 46,340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும். அந்தச் சல்லடையில் மிஞ்சும் சிலவற்றை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை.

இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் நிறைவெண் இது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, வெறும் விநோதத்துக்காக அவ்வளவு உழைப்பவர் யார் என்ற பொருளில் 1811-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். தேடல் நிற்கவில்லை. 2024-இல் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற மெர்சென் பகா எண்ணுக்கு மட்டும் 4,10,24,320 இலக்கங்கள்.

கணினிக்காரர்களுக்கும் 2147483647 பழக்கமானதே: கூட்டல், கழித்தல் குறியுடன் கூடிய 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) முழு எண்ணின் உச்சவரம்பு இது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் பழைய மென்பொருள்கள் 2038 ஜனவரி 19-இல் இந்த வரம்பை முட்டும். அதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை. குறிக்கு ஒரு பிட் போக, மீதி 31 பிட்டிலும் 1 நிறைந்தால் வருவது இந்த எண், அவ்வளவே.