மீட்டர் இல்லாத மைதானத்துக்கு மழைநீர் பில்

கார் நிறுத்தும் மைதானத்துக்குக் குடிநீர் இணைப்பு தேவையில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 2010 வரை அப்படிப்பட்ட மைதானங்கள் மழைநீர் வடிகாலுக்கென்று எதுவும் கட்டாமல் தப்பித்ததற்கு அதுவே காரணம். வடிகால் செலவை நகரம் தண்ணீர் பில்லிலேயே சேர்த்து, தண்ணீர் மீட்டர் எவ்வளவு பெரியது என்று பார்த்து வசூலித்துவந்தது. சின்ன மனையில் நிற்கும் பலமாடிக் கட்டடத்துக்குப் பெரிய மீட்டர், பெரிய பில். பக்கத்தில் ஏக்கர் கணக்கில் தார் போட்ட மைதானத்துக்கு மீட்டரே கிடையாது, பில்லும் கிடையாது. மழை பெய்தால் வடிகாலை நிரப்புவது என்னவோ அந்த மைதானம்தான்.

நம் கணக்கில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி கான்கிரீட் தளத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழுவது சுமார் 5,660 லிட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு சில நிமிடங்களில் வடிகாலுக்குப் போய்விடும். அதே அளவு புல்தரையாக இருந்தால் பெரும்பகுதியை மண் குடித்துக்கொள்ளும். ஃபிலடெல்ஃபியாவுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நகரின் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பரப்பில் சாக்கடைக்கும் மழைநீருக்கும் ஒரே குழாய். மழை கொஞ்சம் வலுத்தாலே குழாய் கொள்ளாமல், கழிவுநீரும் சேர்ந்து டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளில் வழியும். அப்படி வழிவதற்கென்றே 164 வாய்கள் இருக்கின்றன.

2010 ஜூலையில் கணக்கு மாறியது. வடிகால் செலவில் 80 விழுக்காட்டை நீர் உறிஞ்சாத பரப்பின் மேலும், மீதி 20 விழுக்காட்டை மனையின் மொத்தப் பரப்பின் மேலும் ஏற்றினார்கள். அலகு 500 சதுர அடி. 20,000 சதுர அடி மனையில் 15,000 சதுர அடி கூரையும் தாருமாக இருந்தால் மொத்தப் பரப்புக்கு 40 அலகு, உறிஞ்சாத பரப்புக்கு 30 அலகு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வீடுகளுக்கு மட்டும் சராசரி பார்த்து ஒரே கட்டணம், ஏனென்றால் லட்சக்கணக்கான வீடுகளைத் தனித்தனியாக அளக்கும் செலவு வரவைத் தின்றுவிடும். வணிக மனைகளுக்குப் புதிய கணக்கை நான்கு ஆண்டுகளில் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் மாற்றியிருந்தால் கிடங்கு உரிமையாளர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

வானிலிருந்து எடுத்த படத்தை வைத்துத்தான் அளவெடுப்பு. பிழைகள் முளைப்பதும் அங்கேதான். மரநிழல் தளத்தை மறைத்துவிடும், இடித்த கட்டடம் பழைய படத்தில் நின்றுகொண்டிருக்கும். ஜல்லி கொட்டிய இடத்தை எதில் சேர்ப்பது என்பது தீராத வழக்கு. பார்வைக்குத் தண்ணீர் இறங்கும்போல இருக்கும், வண்டி ஓடி ஓடி இறுகிப்போனால் தார்ச் சாலையேதான். ஆகவே மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் இந்தத் திட்டம் நடக்காது. இன்னொரு சிக்கல்: கட்டாதவரின் குடிநீரை நிறுத்தலாம் என்றால், மைதானத்துக்கு நிறுத்த இணைப்பே இல்லை.

இது கட்டணமா, வரியா என்பது வெறும் சொல் விளையாட்டு அல்ல. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரம் வசூலித்த இதே போன்ற கட்டணத்தை, மக்கள் வாக்களிக்காமல் போட்ட வரி என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் ரத்து செய்தது. கட்டணம் என்றால் தொகை மனை வெளியேற்றும் நீருக்குப் பொருந்த வேண்டும், உரிமையாளர் அதைக் குறைத்துக்கொள்ள வழியும் இருக்க வேண்டும். அந்த வழிதான் கழிவு, அதாவது மழைநீரைத் தன் மனையிலேயே பிடிப்பவருக்குப் பில்லில் தரும் தள்ளுபடி. அதைச் சலுகை என்பதைவிடச் சட்டக் கவசம் என்பதே பொருத்தம். 'இது வரி, எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்லிவந்த அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களையும் 2011 ஜனவரியில் வந்த சட்டத்திருத்தம் கட்ட வைத்தது.

கழிவு பெற, முதலில் விழும் மழையை மனையிலேயே பிடிக்க வேண்டும். மேலே சொன்ன 15,000 சதுர அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் சுமார் 53,000 லிட்டர். தளத்தின் அடியில் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால், ஜல்லிக்கிடையே வெற்றிடம் 40 விழுக்காடுதான். ஆக 133 கன மீட்டர் குழி வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட பத்து கார் நிற்கும் இடம். களிமண்ணாக இருந்தால் தண்ணீர் இறங்காது. அடியில் துளையிட்ட குழாய் போட்டு, சின்ன வாய் வழியாக வடிகாலுக்கு மெதுவாக விட வேண்டும். இவ்வளவு செலவழித்தும் பில்லில் குறைவதைக் கொண்டு முதலை எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். கழிவை மட்டும் நம்பிக் குழி வெட்ட அதிகம் பேர் முன்வரவில்லை என்பதால் நகரம் மானியமும் கொடுக்க வேண்டியிருந்தது.

கட்டி முடித்த பிறகுதான் பராமரிப்பில் கோட்டை விடுகிறார்கள். நுழைவாயை இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் குழியை எட்டிப்பார்க்காமல் பழைய வழியே ஓடிவிடும். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் வரும் செம்மண் ஒரே பருவத்தில் அடித்தளத்தை மூடிவிடும். நீர் இறங்கும் தார்த்தளத்தின் துளைகளில் நுண்தூசி ஏறும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி இன்னும் உள்ளே போகும், உறிஞ்சும் இயந்திரம்தான் வேண்டும். எல்லாம் மண்ணுக்கடியில் நடப்பதால் பாழானது வெளியே தெரியாது. அதற்காகவே குழிக்குள் ஒரு பிவிசி குழாயை அடிவரை செங்குத்தாக இறக்கி, மேலே மூடி போட்டு வைப்பார்கள். மழை விட்டு 72 மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். கோல் நனைந்து வந்தால் அடி அடைத்துவிட்டது, அடுத்த மழைக்குக் குழியில் இடமில்லை.