மஹக்க: சொல் விளக்கம்

வடக்கே காய்கறி வாங்கப் போனால் ‘மஹங்கா’ என்ற புலம்பல் காதில் விழாமல் இருக்காது. அந்த இந்திச் சொல்லுக்குத் தாய், பழைய வட இந்தியப் பேச்சுமொழியான பிராகிருதத்தின் ‘மஹக்க’. இதிலுள்ள ‘க்க’ பக்கம், அக்கம் மாதிரி வன்மையாக ஒலிக்காது. கங்கையின் முதல் ககரத்தை இரட்டித்து, கொஞ்சம் மூச்சும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருள்: விலை கூடிய, மதிப்பு மிக்க.

சமஸ்கிருதத்தில் இது மஹார்க (மஹா + அர்க). அர்க என்றால் விலை, மதிப்பு. சூரியனுக்கு நீர் வார்க்கும் அர்க்கியத்துக்கும் இதே வேர்தான். பிராகிருதம் ரகரத்தை விழுங்கிவிட்டு அடுத்த மெய்யை இரட்டிக்கும்; தர்மம் தம்மம் ஆனது இப்படித்தான். இரட்டித்ததும் முன்னால் நிற்கும் நெடில் குறிலாகிவிடும். பிற்பாடு இந்தியில் மூக்கொலி ஏறி மஹங்கா ஆயிற்று. மராத்தியில் மஹாக், குஜராத்தியில் மோங்கு.

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியிலும் இதே சொல் உண்டு. அங்குத்தர நிகாயம் என்ற உபதேசத் தொகுப்பில் புத்தர் காசித் துணியைப் பற்றிச் சொல்கிறார்: புதிதாக இருந்தாலும் பழசானாலும் அது நிறமும் மென்மையும் உள்ளது, ‘மஹக்க’. கிழிந்த பிறகும் அதில் ரத்தினம் பொதிந்து வைப்பார்கள். முரட்டு நார்த்துணியோ ‘அப்பக்க’, அற்ப விலை. நைந்தால் பானை துடைக்கத்தான் ஆகும். ஆக, பழைய சொல்லில் விலையோடு பெருமையும் சேர்ந்தே இருந்தது. இன்றைய மஹங்காவில் பெரும்பாலும் அங்கலாய்ப்புதான் மிச்சம். பெருமைப் பக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது சிங்களம்: விலைமதிப்பற்றதை அங்கே ‘அனகி’ என்பார்கள், அதே அர்கவின் வழி வந்தது.

(தம்மபதம் என்ற பாலி நூலின் 325ஆம் பாட்டில் வரும் ‘மஹக்கஸோ’வைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மஹா + கஸ, பெருந்தீனிக்காரன்.)

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய நூலை மொழிபெயர்த்தால் ‘விலையுயர்ந்த’ பொருந்தும், விலையும் மதிப்பும் இரண்டும் அதில் ஒலிக்கும். கடைப் பேச்சுக்கு ‘விலை ஜாஸ்தி’, கோபம் வந்தால் ‘யானை விலை, குதிரை விலை’. சிலர் ‘கிராக்கி’யைப் போடுகிறார்கள். அது வாங்க ஆள் மொய்ப்பதைச் சொல்லும். விலை ஏறுவது அதற்குப் பிறகு நடப்பது. மஹங்காவிலிருந்து வந்த ‘மஹங்காயி’க்கு நம்மிடம் ‘விலைவாசி ஏற்றம்’ உண்டு. அரசு ஊழியர்களின் ‘மஹங்காயி பத்தா’ மட்டும் தமிழில் வேறு வழியில் போய்விட்டது: அகவிலைப்படி. அகவிலை என்பது தானியத்தின் விலை.