குணச்சித்திர நடிகர்: சொல்லும் வால்டர் பிரென்னனும்

ஆஸ்கர் முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் 'சிறந்த துணை நடிகர்' என்று ஒரு வரியைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். சினிமாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதில் ஒன்றும் உறுத்தாது. கோடம்பாக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு உறுத்தும். அங்கே துணை நடிகர் என்றால் கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர், சந்தைக் காட்சியில் கூடையோடு நடந்து போகிறவர், அன்றன்றைய சம்பளத்துக்கு வருபவர். ஹாலிவுட்டில் அவரை எக்ஸ்ட்ரா என்பார்கள். ஆஸ்கர் மேடையில் நிற்பவர் பெரும்பாலும் கேரக்டர் ஆக்டர். அவருக்கென்று தமிழில் நல்ல சொல் ஒன்று புழக்கத்திலேயே இருக்கிறது: குணச்சித்திர நடிகர்.

முதலில் 'கேரக்டர்'. இதன் மூலம் கிரேக்க மொழி. கீறுதல், செதுக்குதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த 'கரக்தேர்' முதலில் முத்திரை குத்தும் கருவியைக் குறித்தது. பிறகு அந்தக் கருவி பதித்த அடையாளத்துக்கும் அதே பெயர் வந்தது. நாணயத்தில் பதிந்த உருவம் போல ஒரு மனிதனிடம் அழியாமல் பதிந்திருக்கும் இயல்பு என்று பொருள் மெல்ல நகர்ந்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் கஞ்சன், முகத்துதிக்காரன், வாயாடி என்று முப்பது வகை ஆட்களைச் சிறு சிறு சித்திரங்களாக எழுதிவைத்தார். அந்த நூலின் பெயரே 'கரக்தேர்கள்' என்பதுதான். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், எழுத்துக் குறி, நடத்தை, நாடகப் பாத்திரம் என்று கிளைவிட்டது. நம் பேச்சிலும் அந்தக் கிளைகள் உண்டு. 'அவன் ஒரு மாதிரி கேரக்டர்' என்றால் விசித்திரமான ஆள். 'கேரக்டர் சரியில்லை' என்றால் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு. 'அண்ணி கேரக்டர் குடுத்தாங்க' என்றால் வேடம்.

'கேரக்டர் ஆக்டர்' என்ற தொடர் 19ஆம் நூற்றாண்டு மேடையைச் சேர்ந்தது. அன்றைய இங்கிலாந்து, அமெரிக்க நாடகக் குழுக்களில் நடிகரை ஒரு வேடத்துக்கு என்றில்லாமல் ஒரு வகைக்கே வேலைக்கு எடுப்பார்கள். நாயகன் ஒருவர், இளம் காதலன் ஒருவர், கிழவர் வேடக்காரர் ஒருவர், நகைச்சுவைக்கு ஒருவர். வில்லனுக்கு 'ஹெவி' என்று பெயர். நம் சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்தது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இந்த வரிசையில், வயது, ஊர்ப்பேச்சு, தொழில், கோணல் புத்தி என்று ஏதாவது ஓர் அழுத்தமான அடையாளம் கொண்ட வேடங்களைச் செய்பவர் கேரக்டர் ஆள். நாயகன் தன் முகத்தை நம்பிப் பிழைக்க, இவர் அதை மறைத்துப் பிழைத்தார்.

ஹாலிவுட் இந்த மேடைப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஸ்டுடியோக்கள் நட்சத்திரங்களோடு குணச்சித்திர நடிகர்களையும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தன. வாரச் சம்பளம் கொடுத்தாயிற்று, சும்மா உட்காரவைப்பானேன்? 1939இல் வெளியான பெரிய படங்களில் ஐந்தில் தாமஸ் மிட்செல் இருக்கிறார், அதில் ஒன்று 'கான் வித் தி விண்ட்'. 'ஸ்டேஜ்கோச்' படத்தில் குடிகார டாக்டராக வந்ததற்கு அந்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கினார்.

ஆனால் இந்தச் சொல்லை விளக்க ஒரே ஒருவரைக் காட்டு என்றால் நான் வால்டர் பிரென்னனைத்தான் காட்டுவேன். 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸில் நிலம் வாங்கி விற்று நன்றாகச் சம்பாதித்து, சந்தை சரிந்ததும் பணத்தை இழந்து, வயிற்றுப்பாட்டுக்காக எக்ஸ்ட்ராவாகப் படங்களில் நுழைந்தார். அதாவது கோடம்பாக்கக் கணக்கில் சரியான துணை நடிகர். பெயர் கூடப் போடப்படாத வேடங்கள் எத்தனையோ.

அப்புறம் ஒரு விபத்தில் பற்கள் பல போயின. வேறு ஒருவராக இருந்தால் தொழிலே முடிந்திருக்கும். பிரென்னனுக்கு அதுவே மூலதனம் ஆயிற்று. பல் செட்டைக் கழற்றினால் கன்னம் ஒட்டி, உதடு உள்ளே போய், பேச்சு குழறி, நாற்பது வயதுக்காரர் எழுபது வயதுக் கிழவர் ஆகிவிடுவார். இயக்குநர் ஹோவர்டு ஹாக்ஸ் முன்னால் நடித்துக் காட்ட வந்தபோது, "பல்லோடா, பல் இல்லாமலா?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியிலேயே ஹாக்ஸ் விழுந்துவிட்டார் என்பது ஹாலிவுட்டில் அலுக்காமல் சொல்லப்படும் கதை. 1935இல் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அவரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டுதான் ஆஸ்கரில் ஒரு சிக்கல். 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' என்ற ஒரே படத்திலிருந்து கிளார்க் கேபிள், சார்லஸ் லாட்டன், பிராஞ்சோ டோன் மூவரும் சிறந்த நடிகர் பட்டியலில் வந்துவிட்டார்கள், மூவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் படங்களுக்கு 'சப்போர்ட்டிங்' என்று தனிப் பிரிவு வந்தது. அந்தப் பிரிவின் முதல் ஆண் விருது, 'கம் அண்ட் கெட் இட்' படத்தில் ஸ்வீடன்கார மரவெட்டியாக வந்த பிரென்னனுக்கு. அந்தக் காலத்தில் இந்தப் பிரிவுக்குத் தங்கச் சிலை கிடையாது, ஒரு பட்டயம்தான். 1938 படமான 'கென்டக்கி'க்காக இரண்டாவது, 1940 படமான 'தி வெஸ்டர்னர்' படத்தில் நீதிபதி ராய் பீன் வேடத்துக்காக மூன்றாவது. நடிப்புக்கு மூன்று ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் அவர். அன்று எக்ஸ்ட்ராக்களுக்கும் வாக்கு இருந்தது. 'நம்மவன்' என்று அவர்கள் அள்ளிப் போட்டதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ராய் பீனாக அவர் வரும் காட்சிகளைப் பார்த்தவர்கள் வாக்குக் கணக்கைப் பேசமாட்டார்கள். சிரித்துக்கொண்டே தூக்கில் போடும் அந்த நீதிபதிக்குப் பக்கத்தில் நாயகன் கேரி கூப்பர் கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறார்.

பிரென்னனை வைத்துத்தான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஒரு முரணும் புரியும். 'ரியோ பிராவோ'வில் (1959) நொண்டியபடி முணுமுணுக்கும் சிறைக்காவல் கிழவர், 1957 முதல் 1963 வரை ஓடிய 'தி ரியல் மெக்காய்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் முரட்டுத் தாத்தா என்று ஒரே அச்சில் பல வேடங்கள் செய்தார். அது குணச்சித்திரமா, பழக்கப்பட்ட முகமா? அதே ஆள் 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் (1946) கிளான்டன் குடும்பத் தலைவராக வரும்போது சிரிப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை, வளர்ந்த பிள்ளைகளைச் சவுக்கால் அடிக்கும் கொடூரம் மட்டும்தான். அந்தப் படத்தைப் பார்த்தபின், குணச்சித்திரமா பழக்கப்பட்ட முகமா என்ற கேள்வி எனக்குத் தேவைப்படவில்லை.

இனித் தமிழ்ச் சொல். குணம், சித்திரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்று வள்ளுவரே எடுத்தாண்ட பிறகு குணத்தை அந்நியம் என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சித்திரம் என்றதும் நமக்கு ஓவியம்தான் நினைவுக்கு வரும். சிற்ப நூல்களிலோ முழு உருவச் சிலைதான் சித்திரம், புடைப்புச் சிற்பம் அர்த்தசித்திரம், ஓவியம் சித்திராபாசம். செதுக்கும் கருவியில் பிறந்த கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் செதுக்கு வேலையோடு உறவுள்ள ஒரு சொல் வாய்த்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'பண்போவிய நடிகர்' என்று ஆக்கிக்கொள்ளலாம், இலக்கணம் இடம் தரும். ரங்காராவை அப்படி அழைத்தால் யாரைச் சொல்கிறோம் என்று யாருக்கும் புரியாது, அவ்வளவுதான்.

ரங்காராவ், எஸ்.வி. சுப்பையா, டி.எஸ். பாலையா போன்றவர்களால் பொருள் நிரம்பிய சொல் இது. இருபது வயதைத் தாண்டியதுமே 'நாம் இருவர்' படத்தில் கிழவராக வந்த வி.கே. ராமசாமி, பல் இருந்தும் பிரென்னன் செய்ததைச் செய்தவர். தமிழக அரசின் திரைப்பட விருதுகளிலும் 'சிறந்த குணச்சித்திர நடிகர்' என்றுதான் பிரிவு.

மொழிபெயர்ப்பவர்கள் குழம்புவது ஓர் இடத்தில்தான். 'சப்போர்ட்டிங்' என்பது ஒரு படத்தில் அந்த வேடத்தின் அளவு. 'கேரக்டர்' என்பது நடிகரின் வகை. சார்லஸ் லாட்டன் குணச்சித்திர நடிகர்தான், ஆனால் ஆஸ்கர் வாங்கியது நாயக வேடத்துக்கு. அதனால் ஆஸ்கர் பிரிவை 'சிறந்த துணைப் பாத்திர நடிகர்' என்று எழுதலாம். 'துணை' வேடத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆளோடு ஒட்டாது. ஆளைப் பற்றி எழுதும்போது குணச்சித்திர நடிகர், குணச்சித்திர நடிகை. கூட்டத்தில் நிற்பவரைத் துணை நடிகர் என்றே விட்டுவிடலாம், அவர்கள் சங்கத்திலும் படப்பிடிப்புத் தளத்திலும் அதுதான் வழக்கம்.