ஸ்காலர்ஷிப் வரவில்லையா? பாஸ்புக்கை மூடிவிட்டு இதைப் படியுங்கள்

போன வாரம் ஒரு அப்பாவும் மகளும், கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் இருக்கும் என் மேசைக்கு வந்தார்கள். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். வராத நாளைக்குக் கூலி கிடையாது. மகள், அப்ரண்டிஸ் பயிற்சியும் சேர்ந்த பட்டப்படிப்பில் கடைசி வருடம். நாலு மாதமாக ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறாள்.

"போன வருச ஸ்காலர்ஷிப்பும் வரல மேடம், கம்பெனியும் பாதிதான் போடுறாங்க" என்றாள். ஸ்காலர்ஷிப்பை நம்பி வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள். மஞ்சப்பையிலிருந்து மூன்று பாஸ்புக்கை எடுத்து வரிசையாக வைத்தார் அப்பா. மூன்றிலும் பணம் இல்லை.

நான் பாஸ்புக்கைத் தொடவே இல்லை. அவள் போனிலேயே மைஆதார் தளத்தைத் திறந்து, ஓடிபி போட்டு, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்', அதாவது ஆதார் எந்த பேங்கோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். நான்காவதாக ஒரு பேங்க் பெயர் வந்தது. ஒரு பேமெண்ட்ஸ் பேங்க், போன் கம்பெனி நடத்துகிற சின்ன பேங்க்.

"இதுல எனக்கு அக்கவுண்ட்டே கிடையாதே மேடம்!"

இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் சிம் வாங்கியபோது இரண்டு தடவை விரல் வைக்கச் சொன்னது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இது புதுசும் இல்லை. 2017லேயே சிம் கார்டுக்கு ஆதார் கொடுத்த பலருடைய காஸ் மானியம், அவர்கள் கேட்காமலே திறந்த கணக்குகளுக்குப் போய், நாடே பேசிய விஷயம்.

இந்தக் கல்வியாண்டில் என்னிடம் வந்த பதினோராவது கேஸ் இது. அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் சொல்வது ஒன்றே: "ஆதாரைத்தான் பேங்க்ல குடுத்திருக்கோமே." கொடுத்திருப்பீர்கள். அது நீங்கள் யார் என்று பேங்குக்குக் காட்ட. அரசுப் பணம் வர அது போதாது. பேங்குகளுக்கு இடையே பணம் போய்வர வழிசெய்கிற என்.பி.சி.ஐ. அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒரு ஆதாருக்கு நேராக ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும். கணக்கு எண்கூட அதில் கிடையாது, எந்த பேங்க் என்பது மட்டும்தான். நாலு பேங்கில் ஆதார் கொடுத்திருந்தாலும், கடைசியாக எந்த பேங்க் உங்கள் சம்மதம் இருப்பதாகச் சொல்லிப் பதிந்ததோ அங்கேதான் ஆதார் வழிப் பணம் போகும். "அப்ளிகேஷன்ல கணக்கு நம்பர் கரெக்டா எழுதினேனே" என்று என்னிடம் சண்டை போடாதீர்கள். அந்த நம்பரை அங்கே யாரும் பார்ப்பதில்லை. "லிங்க் ஆகியிருக்கும்மா, போ" என்று கவுண்ட்டரில் சொல்லி அனுப்புகிறவர்களும், 'ஆதார் இணைத்த கணக்கு அவசியம்' என்று ஒற்றை வரியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போகிற எங்களைப் போன்றவர்களும் இதில் குற்றவாளிகள்தான்.

முன்பைவிட இப்போது இது ஏன் வலிக்கிறது என்றால், தொகை பெரியது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. அதில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு 2021-22 முதல் நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. அப்ரண்டிஸ் ஸ்டைபண்டும், அதாவது பயிற்சிக் காலத்து மாதத் தொகையும், அப்படித்தான். 2019 விதிகளில் பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தது ₹9,000 என்று வைத்தார்கள். தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் (நாட்ஸ்) அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை, ₹9,000 என்றால் ₹4,500ஐ, அரசு தருகிறது. முன்பு கம்பெனி முழுசாகக் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கும். இப்போது அரசுப் பங்கு உங்கள் ஆதார் போகிற பேங்குக்கே வருகிறது. கம்பெனி ஏமாற்றுகிறது என்று இந்தப் பெண் பயிற்சியை விட்டு நிற்க இருந்தாள். விட்டிருந்தால் பயிற்சிக்காகப் பட்டப்படிப்பில் சேரும் கிரெடிட் புள்ளிகளும் போயிருக்கும்.

கம்பெனியில் சேரும் அன்றைக்குச் சம்பளக் கணக்குக்கென்று ஒரு கத்தைத் தாளை நீட்டுவார்கள். நாற்பது பேர் வரிசையில் நிற்பீர்கள், அவசரம்தான். இருந்தாலும் அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வரச் சம்மதம் என்கிற கட்டத்தைப் படித்துவிட்டு டிக் போடுங்கள். படிக்காமல் போட்டால் உங்கள் ஸ்காலர்ஷிப்பும் அங்கே ஓடிவிடும். பயிற்சி முடிந்து அந்தக் கணக்கை மூடினால் பணம் திரும்பிப் போகும். அதை மறுபடி வரவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

மாற்ற வேண்டுமானால், எந்தக் கணக்கு வேண்டுமோ அந்த பேங்குக்குப் போய் டிபிடி (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது) சம்மதப் படிவம் கேளுங்கள். பழைய பேங்க் பெயரை அதில் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து ஸ்டேட்டஸை மறுபடி பாருங்கள். சொன்னார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். "ஸ்காலர்ஷிப் ஆபீஸிலிருந்து பேசுறோம், ஓடிபி சொல்லு" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். நாங்கள் கேட்பதில்லை. எங்களுக்கு அவ்வளவு நேரமும் இல்லை.

அந்தப் பெண்ணின் பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஸ்காலர்ஷிப்பும், நாலு மாத அரசுப் பங்கு ₹18,000மும். மெசேஜ் எல்லாம் அவள் தொலைத்துவிட்ட பழைய சிம்முக்குப் போயிருக்கிறது. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, வட்டி போக எவ்வளவு நிற்கும் என்று விரல்விட்டு எண்ணினார்.

கண்ணுகளா, இந்த வாரமே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முடியாதவர்கள் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேல் என்னிடம் வாருங்கள். ஆதாரில் பதிந்த போன் நம்பர் கையில் இருக்கட்டும். பாஸ்புக் வேண்டாம்.