கைக்கடக்கமான கேமரா வாங்குமுன் லென்ஸ் வளையத்தைப் படியுங்கள்

கோவை கிராஸ்கட் ரோட்டிலோ ஈரோட்டிலோ கடைக்குப் போய்ச் சின்ன டிஜிட்டல் கேமரா கேட்டால், "இருபது மெகாபிக்சலுங்க, நாப்பது மடங்கு ஜூமுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் வீட்டு விசேஷத்திலும் தோட்டத்திலும் படம் எப்படி வரும் என்பதை அவை சொல்லாது. அதற்கான எண்கள் லென்ஸின் முன்வளையத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன.

கேனான் இக்ஸஸ் 185-ஐக் கையில் எடுங்கள். வளையத்தில் 5.0–40.0 மி.மீ., 1:3.2–6.9 என்று இருக்கும். முதல் ஜோடி குவியத்தூரம்: ஜூம் இழுக்காதபோது 5, முழுக்க இழுத்தால் 40. அடுத்த ஜோடி துளை எண். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் வரும். 5-ஐ 3.2-ஆல் வகுத்தால் சுமார் 1.6 மி.மீ. அதே நிறுவனத்தின் ஜி7 எக்ஸ் மார்க் 2-இல் 8.8–36.8 மி.மீ., 1:1.8–2.8. வகுத்தால் 4.9 மி.மீ. விட்டம் மூன்று மடங்கு என்றால் வாயின் பரப்பு கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரே இடத்தில் நின்று ஒரே முகத்தை எடுத்தாலும், இதற்குள் பத்து மடங்கு ஒளி போகிறது.

இந்தப் பத்து மடங்கு படத்தில் எப்படித் தெரிகிறது? ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. நூற்றுக்குப் பத்து. 1,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 32 மட்டுமே, நூற்றுக்கு மூன்று. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். அதை மறைக்கக் கேமராவின் மென்பொருள் படத்தைத் தேய்த்துவிடுகிறது. பட்டுச்சேலைக் கரையின் நெசவு மெழுகிப்போவது அதனால்தான்.

வாய் சிறுத்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. மலிவான கேமராக்களில் 6.2 × 4.6 மி.மீ., மொத்தம் 28 சதுர மி.மீ. "1 அங்குல" சென்சார் என்று விற்பது 13.2 × 8.8 மி.மீ., 116 சதுர மி.மீ. (அதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை, பழைய வீடியோ குழாய்களின் வெளிவிட்டக் கணக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.) இரண்டிலும் 20 மெகாபிக்சல் இருக்கலாம். ஒன்றில் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மற்றதில் 2.4.

இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய நல்ல செல்போன்களின் முதன்மை லென்ஸ் வாய் 3 மி.மீ.க்கு மேல். போதாக்குறைக்கு, அடுத்தடுத்து எடுத்த பல படங்களைப் போன் ஒன்றாக்கியும் தருகிறது. எனவே இக்ஸஸ் வகைக் கேமரா இருட்டில் போனிடம் தோற்கும். "கேமரா என்றால் போனைவிட நன்றாகத்தானே வரும்" என்று நம்பி அதற்குப் பணம் போட வேண்டாம்.

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 1.8 துளையில் 1/100 வினாடி போதும் என்றால், அதே ஐஎஸ்ஓ-வில் (கேமராவின் ஒளியுணர்வு அளவில்) 3.2 துளைக்கு ஏறத்தாழ 1/30 வேண்டும். அட்சதை தூவும் கை வினாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், அந்த நேரத்துக்குள் 3 செ.மீ. போய்விடும், விரல்கள் இழுபட்டுத் தெரியும். நடுக்கத் தடுப்பு இதற்கு உதவாது. அது நம் கை ஆட்டத்தைத்தான் சரிசெய்யும், எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல. மலிவுக் கேமராதான் கையில் இருக்கிறதென்றால் பிளாஷைப் போட்டு 2 மீட்டருக்குள் நில்லுங்கள். அதன் செனான் பிளாஷ் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவே மின்னுவதால் அசைவு உறைந்து நிற்கும். போனின் எல்ஈடி விளக்கால் அது முடியாது. தூரம் இரட்டித்தால் பிளாஷ் ஒளி காலாகக் குறையும், அதனால் பின்வரிசைக்கு அது எட்டாது.

மண்டப விளக்குகள் பல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. படத்தை வரிவரியாகப் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழும். மெனுவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள்.

போன் கைவிரிக்கும் இடம் ஜூம். திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் நடுத்தண்ணீரில் நிற்கும் பறவைக்கு, கேனான் எஸ்எக்ஸ்740 போன்றது வேண்டும்: 4.3–172 மி.மீ., 1:3.3–6.9. இழுக்காதபோது வாய் வெறும் 1.3 மி.மீ., முழுக்க இழுத்தால் 25 மி.மீ. ஆனால் 6.9 துளையில் ஒளி விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளியைச் சுமார் 9 மைக்ரான் அகல வட்டமாக்கிவிடும். பிக்சலோ 1.2 மைக்ரான். ஏழெட்டுப் பிக்சல்களில் அந்த ஒரே புள்ளி பரவுவதால் இருபது மெகாபிக்சல் அங்கே பேருக்குத்தான்; ஐந்துக்குச் சுருக்கினாலும் இழப்பு அதிகமில்லை. வெயில் ஏறியபின் தண்ணீர்மேல் காற்று அலையும்போது எந்த லென்ஸும் உதவாது. காலையிலேயே போய்விடுங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடலாம், அது வெறும் வெட்டிப் பெரிதாக்கல்.

இருட்டில் தெளிவு, ஜூம் இரண்டும் ஓரளவு வேண்டுவோருக்கு 1 அங்குல சென்சாருடன் 10 மடங்கு ஜூம் உள்ள பானசோனிக் டிஇசட்100 ஒத்துவரும். வாய் 3.3 மி.மீ.யில் தொடங்கி 15 வரை போகும்.

சின்ன சென்சார் ஜெயிக்கும் ஓர் இடமும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஓலையின் அடியில் இருக்கும் சுருள் வெள்ளை ஈயைப் படமெடுத்து வேளாண் அதிகாரிக்கு அனுப்ப வேண்டுமென்றால், வாய் சிறுத்தது நல்லது. கிட்டத்தில் எடுக்கும்போது முன்னும் பின்னும் அதிக ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும், இரண்டரை மி.மீ. பூச்சியும் அதன் மெழுகுச் சுருளும் சேர்ந்தே தெரியும். ஜூமை இழுக்காமல் மேக்ரோவில், அதாவது கிட்டத்தில் எடுக்கும் முறையில் வையுங்கள். சில மாடல்கள் 1 செ.மீ. வரை நெருங்கும், ஆனால் அங்கே லென்ஸின் நிழலே ஓலைமேல் விழும். 4, 5 செ.மீ. தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் வரும்.

கெட்டுப்போகும் விதமும் நம் ஊருக்கென்று சில உண்டு. லென்ஸ் வெளியே நீளும்போது சைக்கிள் பம்பு போலக் காற்றை உள்ளே இழுக்கிறது. பனியன் கம்பெனியிலும் பல்லடம், சோமனூர் தறிக்குடோனிலும் அந்தக் காற்றோடு பஞ்சுத்தூசியும் போகும். வானத்தை முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கிய கறுப்புப் பொட்டு இருந்தால் தூசி சென்சார்மேல் உட்கார்ந்துவிட்டது. கழற்றாமல் துடைக்க வழியில்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை முடிந்தவுடன் கேமராவை அணைத்து, லென்ஸ் உள்ளே போனபின் பையில் போடுங்கள்.

வால்பாறையில் எதிரி பூஞ்சணம். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதில் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் குடித்தால் அது பச்சையாகும். 120 டிகிரிக்கு மேல் போகாமல் சூடாக்கினால் திரும்ப உதவும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு நஞ்சு இருப்பதால் வீட்டுக்கு வேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கும்போது ஜூமை முன்னும் பின்னும் பலமுறை ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். நறநறவென்று அரைத்தால் பல்சக்கரத்தில் மண் இருக்கிறது, சீக்கிரமே லென்ஸ் பாதியில் நின்றுபோகும். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. 64 ஜிபி கார்டு 2009-க்குப் பிந்திய எஸ்டிஎக்ஸ்சி வகை, பழையவற்றில் அதுவும் ஓடாது. பேட்டரியைக் கையால் வெளியே எடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வராமல் இறுகினால் உப்பிவிட்டது என்று பொருள். அந்த மாடலுக்குப் புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்தபின்பே பணத்தைக் கொடுங்கள்.