ஐ.க்யூ. 115, ஆனால் பையன் எங்கே?

பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் பெற்றோர் பலரும் குழந்தையின் ஐ.க்யூ. சோதனை ஃபைலைப் பிரித்ததும் கேட்பது, "மொத்தம் எவ்வளவு சார் வந்திருக்கிறது?" என்றுதான். மீத்திறன் எனும் வயதை மிஞ்சிய அறிவும் ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடும் சேர்ந்த குழந்தைக்கு, அந்த மொத்தம்தான் ஆளை மறைக்கிறது.

பலரிடம் கண்டதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பத்து வயதுப் பையன் என்று வையுங்கள். வெக்ஸ்லர் எனும் ஐ.க்யூ. சோதனையில் ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி 100. இவனுக்கு மொழிப் புரிதல் 134, காட்சிவழிச் சிந்தனை 127, செயல்நிலை நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது) 94, செயல்வேகம் 83. மொத்தம் 115ஐ ஒட்டி வரும். "கெட்டிக்காரன்தான், சோம்பேறி" என்று பள்ளி முடிவுகட்டிவிடும். உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 51 புள்ளிகள் இருக்கும்போது 115 என்பது அவனுடைய எந்தத் திறமையையும் சொல்லவில்லை. நினைவையும் வேகத்தையும் விலக்கிக் கணக்கிடும் பொதுத்திறன் குறியீட்டையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

அந்த 83 எப்படி வந்தது என்பதும் முக்கியம். எண்களுக்குரிய குறிகளை இரண்டு நிமிடம் வேகமாக எழுதும் பகுதியில் முதல் வரி மளமளவென்று போகும். பிறகு பென்சில் நின்றுவிடும். "இந்த எண்ணுக்கு ஏன் இந்தக் குறி?" என்று கேட்பான். நல்ல கேள்விதான், ஆனால் கடிகாரம் நிற்காது. கையெழுத்துச் சிரமத்தாலும் இதே 83 வரலாம். அதனால் சோதித்தவரின் குறிப்புகளைப் படிக்காமல் எண்ணை நம்பாதீர்கள். அமைதியான அறையில், ஒரே ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, கவனக்குறைபாடு வெளியே தெரியாமலும் போகும். இந்த எண்களை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. உண்டு, இல்லை என்று சொல்லவே முடியாது. வீட்டிலும் வகுப்பிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டறிய வேண்டும்.

அடுத்தது, படிப்பில் எவ்வளவு கற்றிருக்கிறான் என்று பார்க்கும் கற்றல் அடைவுச் சோதனை. வாசிப்பு 124, எழுத்து 96. "96 சராசரிதானே, குறை ஒன்றுமில்லை" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியானிலிருந்து திருவைகுண்டம் வரை வரிசை மாறாமல் வாயால் சொல்லும் பையன், தாளில் மூன்று வரியோடு நின்றுவிடுகிறான். மொழிப் புரிதலில் 134 வாங்கியவனுக்கு 96 சாதாரணம் அல்ல. புத்தி குறையை மூடுகிறது, குறை புத்தியை மூடுகிறது. இரண்டுக்கும் உதவி கிடைப்பதில்லை.

பள்ளியில் எழுதக் கூடுதல் நேரமும், சில விடைகளை வாய்மொழியாகச் சொல்ல அனுமதியும் கேளுங்கள். கூடவே அவன் அறிவுக்கு ஏற்ற கடினமான கணக்குகளையும் கேளுங்கள். நோட்டை முடிக்கவில்லை என்பதற்காக அவற்றை அவனிடமிருந்து பிடுங்க விடாதீர்கள்.